இம்மெராட்டும் எங்கள் ஆயா ஊரும்

எங்கள் வீட்டு நடுக்கூடத்து நிலையில் தலையை இடித்துக்கொள்ளாத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை. கடலூர் புதுப்பாளையத்தில் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. மற்ற வாசலெல்லாம் எல்லார் வீட்டையும் போல உயரம்தான். இது மட்டும் ஐந்தேகால் அடி. “குனிஞ்சு வாங்க மாப்ள” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பார். ஏன் இப்படி ஒரு நிலை என்பதை அப்புறம் சொல்கிறேன்.

2023 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனிக்குப் போனேன். ஆகன் என்ற ஊர். நாட்டின் மேற்கு ஓரம், பஸ் ஏறினால் நெதர்லாந்து, இன்னொரு பஸ் ஏறினால் பெல்ஜியம். மூன்று மாதம் இருந்தேன். பெட்டியில் வசம்பும் சுக்கும் ஓமமும் பிரசவ லேகியமும் கொண்டுபோனது தனிக் கதை. பேரனுக்கு நாற்பது நாள் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். “அத்தை, வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன். கோட்டை, சர்ச் எல்லாம் இல்ல.”

முக்கால் மணி நேரம் போயிருப்போம். இரண்டு பக்கமும் கோதுமை, நடுநடுவே சர்க்கரை எடுக்கும் பீட்ரூட். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டி போவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கிழங்கிலிருந்து சர்க்கரை என்பதை வகுப்பில் நடத்தியபோதுகூட முழுசாக நம்பிக்கை வந்ததில்லை. நான் முப்பத்திரண்டு வருஷம் புவியியல் டீச்சர். யாக்கெராட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பார்வைமேடை. ஏறி நின்றேன்.

கீழே பூமி இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் குழி, படிப்படியாக இறங்கும் குழி. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். தூரத்தில் ஒரு படிமேல் சக்கரம் ஒன்று மண்ணைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. பக்கெட் வீல்! சக்கரத்தைச் சுற்றி வாளி வைத்து மண்ணை அள்ளும் சுரங்க இயந்திரம். இரண்டு மாதமாக அந்த நாட்டில் எதைப் பார்த்தாலும் புதுசு: குப்பையைப் பிரித்துப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கடை மூடுவது, கதவுப் பிடி. கடைசியில் தெரிந்த முகம் ஒன்று கிடைத்தது, அதுவும் ஒரு இயந்திரத்தின் முகம்.

என் அப்பா நெய்வேலி முதல் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஓட்டினவர். 1962-ல் சேர்ந்து 1998-ல் ஓய்வு. அந்தக் காலத்து இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியில் செய்து கப்பலில் வந்தவை. அப்பா பேசுவது வாளியின் பல்லைப் பற்றித்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருப்பது வெறும் மண் அல்ல, கெட்டியான மணற்கல். புவியியலில் அந்தப் பாறைக்குப் பெயரே ‘கடலூர் மணற்கல்’. இந்த நாட்டின் இளகிய மண்ணைத் தோண்டிப் பழகிய பற்கள் எங்கள் ஊர்க் கல்லைக் கடித்துத் தேய்ந்துபோயின. அதனால் முதலில் துளை போட்டு வேட்டு வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு, பிறகுதான் சக்கரத்தை விடுவார்கள். “ஜெர்மன்காரன் பல்லையே ஆட்டின கல்லு நம்ப கல்லு” என்பார் அப்பா, ஏதோ தானே அந்தக் கல்லைச் செய்தது போல.

இங்கே பார்த்தது அப்பா ஓட்டியதைவிடப் பல மடங்கு பெரிசு. அவர் ஓட்டினதில் ஒரு வாளி 700 லிட்டர். இந்தச் சுரங்கத்தில் ஓடும் பாகர் 288 என்ற இயந்திரத்தில் ஒரு வாளி 6,600 லிட்டர், அப்படிப் பதினெட்டு வாளி. மொத்த எடை 13,500 டன். 1978-ல் க்ருப் கம்பெனி கட்டியது. முதலில் ஹம்பாக் என்ற வேறொரு சுரங்கத்தில் இருந்ததாம். 2001-ல் அங்கிருந்து இங்கே 22 கிலோமீட்டர் தானாக ஊர்ந்து வந்தது. வழியில் நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஒரு ஆறு எல்லாவற்றையும் கடந்து சேர மூன்று வாரம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நாம் படுகிற பாடு ஞாபகம் வந்தது.

மேடையில் நாயோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். நான் சக்கரத்தைக் காட்டி மாப்பிள்ளைக்கு ‘இது வெட்டும், இது கன்வேயர், எதிர்ப்பக்கம் நிற்பது ஸ்ப்ரெடர், மேல்மண்ணைக் கொண்டுபோய்க் கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டும்’ என்று பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். “இந்தம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கறார் அத்தை” என்றார் மாப்பிள்ளை. எங்கப்பா முப்பத்தாறு வருஷம் இதில் வேலை பார்த்தார் என்று சொல்லச் சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். அவர் இந்தக் குழியின் கன்வேயரில் முப்பத்தோரு வருஷமாம்.

அப்புறம் அவர் குழியின் ஒரு திசையைக் காட்டி, “என் ஊர் அங்கே” என்றார். காட்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

அந்த ஊரின் பெயர் இம்மெராட். எர்கெலென்ஸ் நகரத்தைச் சேர்ந்த சிற்றூர். அன்றைக்குக் கேட்டதும், பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து இணையத்தில் படித்துச் சொல்லச் சொல்லித் தெரிந்துகொண்டதுமாக எழுதுகிறேன்.

12-ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் பெயர் வந்துவிட்ட ஊர். அந்த வட்டாரத்தில் ‘ராட்’ என்று முடிகிற ஊர்கள் நிறைய: இம்மெராட், லூட்சராட், யாக்கெராட், ஓட்சென்ராட். ராட் என்றால் காட்டை வெட்டித் திருத்திய இடம். ஜெயங்கொண்டம் பக்கம் காடுவெட்டி என்று ஊர் இருக்கிறதே, சொல்லைப் பார்த்தால் அதே பொருள்தான். இங்கே படிந்திருப்பது காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண், லோயஸ் என்று பாடத்தில் நடத்தியிருக்கிறேன். எந்தக் கல்லும் இல்லாத கொழுத்த மண். 900 வருஷம் அதை உழுதே சாப்பிட்டிருக்கிறார்கள்.

சின்ன ஊர்தான். ஆனால் ஆஸ்பத்திரி இருந்தது, காற்றாலை இருந்தது. எல்லாவற்றையும்விட, ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிய கோயில் ஒன்று இருந்தது. புனித லாம்பெர்ட்டுஸ் தேவாலயம். 1888-ல் ஆரம்பித்து 1891-ல் முடித்தார்கள். இரட்டைக் கோபுரம், மைல் கணக்கில் தள்ளியிருந்தும் தெரியுமாம். அதைச் சுற்றுவட்டாரத்தில் ‘இம்மெராட் கதீட்ரல்’ என்றே கேலியும் பெருமையுமாகச் சொல்லியிருக்கிறார்கள். மெய்யான கதீட்ரல் கொலோனில் இருக்கிறது. ஆனால் எந்த ஊர்க்காரனுக்குத் தன் ஊர்க் கோபுரம் சின்னதாகத் தெரிந்திருக்கிறது?

கீழே கரி. நான் மேடையிலிருந்து பார்த்த குழி, கார்ட்ஸ்வைலர் சுரங்கம், வருஷா வருஷம் மேற்கே நகர்ந்துவந்தது. கார்ட்ஸ்வைலர் என்பதும் ஒரு ஊர்தான், அதே சுரங்கம் 1980-களில் காலி செய்த ஊர். ஊரை எடுத்துக்கொண்டு பெயரை வைத்துக்கொண்டது. அந்த இடத்தில் மாப்பிள்ளையை நிறுத்தி, “நெய்வேலிங்கறதும் முதல்ல ஒரு சின்ன ஊர் பேருதான், தெரியுமா?” என்றேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் கோயம்புத்தூர்.

2006 வாக்கில் இம்மெராட்டில் குடிமாற்றம் தொடங்கியது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் முறை என்னவென்றால், ஆளாளுக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பாமல், ஊரை ஊராகவே வேறிடத்தில் நிறுவ முயல்வது. புது இடத்துக்கும் அதே பெயர், பக்கத்தில் ‘புது’ என்று ஒரு ஒட்டு. ஊர்க்காரர் ஒருவர் மட்டும் விடவில்லை. சொந்த ஊரில் வாழ எனக்கு உரிமை உண்டு என்று கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனார். 2013 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு. வீட்டை இழப்பவர் முன்கூட்டியே நீதிமன்றத்தை அணுக வழி வேண்டும் என்று சொன்ன நீதிபதிகள், சுரங்கத்தைத் தடுக்கும் அளவுக்குச் ‘சொந்த ஊர் உரிமை’ என்று ஒன்று சாசனத்தில் இல்லை என்றார்கள். இதை மகள் படித்துச் சொன்னபோது, தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது இரண்டு பேருக்கும்.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபரில், கோயிலில் கடைசிப் பூசை முடிந்திருந்தது. 2018 ஜனவரி 8-ஆம் தேதி இடிக்க ஆரம்பித்தார்கள். போராட்டக்காரர்கள் சிலர் உள்ளே புகுந்து கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். மறுநாளுக்குள் இரண்டு கோபுரமும் இல்லை. வெடி எதுவும் வைக்கவில்லை, நீளக் கை இயந்திரங்கள் பிய்த்துப் பிய்த்து இறக்கின. இணையத்தில் அந்தப் படம் இருக்கிறது, நான் ஒரு தடவைதான் பார்த்தேன்.

பெரியவர் அதையும் பார்க்கப் போகவில்லையாம். மனைவி போனாராம். அவர் சொன்னது வேறு: ஊர் மாறும்போது கல்லறைகளும் மாறும், தோண்டி எடுத்துப் புது இடத்தில் புதைப்பார்கள். “என் அப்பாவை நான் இரண்டு தடவை அடக்கம் செய்தேன்” என்றார். மாப்பிள்ளை இதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

நான் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டேன். அதே சுரங்கத்தில்தானே வேலை பார்த்தீர்கள், அப்போது எப்படி இருந்தது? அவர் சிரித்துவிட்டு, “மாதம் முதல் தேதி நன்றாகத்தான் இருந்தது” என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் சாப்பிட்ட சோறு, படித்த படிப்பு, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மகிழமர நிழலில் சைக்கிள் பழகியது எல்லாமே ஒரு குழியிலிருந்து வந்தவை. குழியைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வராது. ஆனால் என் ஆயாவுக்கு, அப்பாவைப் பெற்றவளுக்கு, வந்தது.

புது இம்மெராட்டுக்கும் போனோம். சுத்தமான தெரு, செங்கல் வீடு, சின்னதாக ஒரு தேவாலயம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மரங்கள் எல்லாம் ஒரே பருமன். ஒரே வகுப்புப் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தாமல் வரிசையில் விட்டது போல. அங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் கூக்ஹோஃபென் என்ற ஊர். 1990-ல் அங்கே ஜல்லிக் குழி ஒன்றில் ஒரு கிணறு கண்டுபிடித்தார்களாம். ஓக் மரப்பலகைகளை நான்கு பக்கமும் கோத்து இறக்கிய கிணறு. மரத்தின் வளையத்தை எண்ணிப் பார்த்ததில் கி.மு. 5090 வாக்கில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. ஏழாயிரம் வருஷம்! அத்தனை காலமாக அந்த மண்ணில் யாரோ குடியிருந்துகொண்டே இருக்கிறார்கள்.

கிணறு என்றதும் எனக்கு ஜம்புலிங்க முதலியார்தான் ஞாபகம் வருவார். 1930-களில் அவர் தன் நிலத்தில் தண்ணீருக்கு ஆழ்துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது, அதிலிருந்துதான் நெய்வேலியின் கதை தொடங்கியது. தண்ணீர் தேடினால் கரி, கரியைத் தோண்டினால் தண்ணீர். நெய்வேலியில் கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீரோட்டம் இருக்கிறது, ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியை எடுக்க முடியும். அந்த நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய்ச் சேர்கிறது. ஜெர்மனியிலும் இதே இறைப்புதான். கரி தீர்ந்த பிறகு அந்தப் பெருங்குழியில் ரைன் ஆற்று நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து நிரப்பி ஏரியாக்கப் போகிறார்களாம். நிரம்பவே பல பத்தாண்டு ஆகும்.

லூட்சராட்டின் கதை செய்தியில் வந்தது, பலரும் பார்த்திருப்பீர்கள். 2023 ஜனவரியில் இதே சுரங்கத்துக்காகப் போலீஸ் வந்து காலி செய்த ஊர், சேற்றில் போலீஸ்காரர்கள் மாட்டிக்கொண்டது, கிரெட்டா துன்பெர்க் வந்தது. எனக்கு அதைவிடக் கையென்பெர்க்தான் உறுத்துகிறது. 2022 அக்டோபரில், 2038-க்குப் பதில் 2030-லேயே இந்த வட்டாரத்தில் கரியை நிறுத்துவதாக ஒப்பந்தமானது. அதனால் கையென்பெர்க்கும் பக்கத்து நான்கு ஊர்களும் தப்பின. தப்பினது தெரிவதற்குள் பெரும்பாலான ஜனம் வீட்டை விற்றுவிட்டுப் புது ஊருக்குப் போயிருந்தது. ஊர் இருக்கிறது, ஆள் இல்லை. நாங்கள் அந்தத் தெருவில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். ஜன்னல் மறைப்புகள் இறங்கிக் கிடந்தன. ஒரு வீட்டு வாசலில் மட்டும் யாரோ ஜெரேனியம் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

சரி, எங்கள் ஆயா ஊர்.

அந்த ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. இரண்டு பங்காளிகள் எழுத்துக் கூட்டுவதிலேயே சண்டை போடுகிறார்கள். முப்பது நாற்பது வீடு இருந்திருக்கும். சிவப்பு மண், முந்திரி, பலா, கேழ்வரகு, கம்பு. 1950-களின் கடைசியில் சுரங்கத்துக்காக எடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1961-ல் முதல் கரி வெளியே வந்தபோது, ஆயா வீட்டுத் தோட்டம் இருந்த இடத்துக்கு மேலே வானம் மட்டும்தான் பாக்கி.

வண்டி கட்டிக் கிளம்பிய அன்றைக்கு எல்லாரும் பானை சட்டி ஏற்ற, தாத்தா மட்டும் கடப்பாரையோடு நிலையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாராம். ஊர்ப் பலாமரத்தை அறுத்துத் தானே முன்னின்று செய்வித்த நிலை. “ஓட்டை எடு, கைமரத்தை எடுன்னா, இந்தாளு நெலய எடுத்துக்கினு வந்தாரு, வூடு எங்கன்னே தெரியாம” என்று ஆயா கடைசிவரை சொல்லிக் காட்டினார். அந்த நிலை மந்தாரக்குப்பத்தில் ஒரு கூரை வீட்டில் நின்றது. அப்புறம் வடலூரில் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனது. நான் கடலூரில் வீடு கட்டியபோது அப்பா அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். கொத்தனார் சிரித்தார். “எந்தக் காலத்து அளவு சார் இது, அடியில ரெண்டு செங்கல் வெச்சுத் தூக்கிரலாமா?” அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. குனிந்து போகட்டும் என்றார்.

ஆயா குழியைத் திட்டுவார் என்றேனே, மகன் குழியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் திட்டினார். சம்பளக் கவரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேதான் திட்டினார்.

இம்மெராட்டைப் பற்றி இவ்வளவு எழுத முடிகிறது, கோயில் எந்த வருஷம் கட்டினது, கடைசிப் பூசை எந்த மாதம் என்றெல்லாம். ஆயா ஊருக்கு என்னிடம் இருப்பது இந்த நிலையும் ஒரு கிஸ்து ரசீதும். ரசீதில் எழுத்து பாதி செல்லரித்துப்போய்விட்டது. அதனால் ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சித்தப்பாவைப் போய்ப் பார்த்தேன். எண்பத்தொரு வயது. ஊரை விட்டபோது பதினைந்து பதினாறு. ஒரு சார்ட் பேப்பரை விரித்து, “சித்தப்பா, ஊரை வரைங்க” என்றேன்.

முதலில் அவர் வரைந்தது வீடோ தெருவோ இல்லை, மாடு தண்ணீர் குடிக்கிற குளம். அப்புறம் குளக்கரையில் அய்யனார், களத்துமேடு, எங்கள் வீடு, எதிரே நாட்டாமை வீடு, வண்டிப்பாதை. பள்ளிக்கூடத்தில் பையன்களை வரைபடம் வரையச் சொன்னால் வடக்கு எது என்று கேட்க வேண்டியிருக்கும். இவர் கேட்காமலே மூலையில் ஒரு சூரியனைப் போட்டுக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் இருபத்தாறு வீடு வந்துவிட்டது, இருந்தவர்கள் பெயரோடு.

படத்தை போனில் பிடித்து விழுப்புரத்தில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். சித்தப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். அரை மணியில் கூப்பிட்டார். “எல்லாம் சரிடி. புளியமரத்த எதுக்குக் கொளத்துக்குக் கெழக்கால போட்டிருக்கான்? மேக்கால இல்ல இருந்துச்சு. காலைல குளிக்கப் போனா மூஞ்சில வெயில் அடிக்கும், மரம் முதுகுப் பக்கம்.” சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அவ எப்ப காலைல குளிச்சா?” என்றார்.

இது நடந்து எட்டு மாதமாகிறது. தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதும் முடியவில்லை. சார்ட் பேப்பரில் இப்போது இரண்டு புளியமரம் பென்சிலில் நிற்கிறது, இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அத்தை கோபத்தோடு எழுந்து போகும்போது நிலையில் இடித்துக்கொண்டார்.